படம் வராத பதினோரு நாட்கள்

அலுவலகத்தில் அவருக்கு ‘விளக்கம்’ என்று பெயர். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்து, ஏன் தர முடியாது என்று பதில் எழுதுவது அவருடைய வேலை. இருபத்திரண்டு வருடம் இதையே செய்ததில், எது கெட்டுப்போனாலும் அது யாரோ ஒருவருடைய தவறு என்பதும், அந்த யாரோ ஒருவர் தான் அல்ல என்பதும் அவர் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. குடை ஏன் மடங்கிக்கொண்டது என்று கேட்டால் காற்றழுத்தத்திலிருந்து ஆரம்பிப்பார். கேட்காவிட்டாலும் ஆரம்பிப்பார்.

அவருடைய மனைவி, வீட்டிலிருந்தபடியே ஒரு மரச்சாமான் கடைக்குச் சமையலறை அலமாரிகள் வரைந்து கொடுத்துவந்தார். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், குழாய் போக எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதையெல்லாம் கணினியில் வரைந்து, அந்தச் சமையலறைக்குள் நடந்து போவதுபோலச் சுற்றிக் காட்டுவார். வாடிக்கையாளர்களின் ஆசை கூடக்கூடக் கணினிக்கு மூச்சு வாங்கியது. இழுப்பறையைத் திறந்து காட்டச் சொன்னால் பாதி திறந்து, அங்கேயே நின்று யோசித்தது.

“புதுசா ஒண்ணு வாங்கிடலாங்க” என்றார் மனைவி.

“கடைக்காரன் தலையில மிளகா அரைச்சிடுவான். நான் எதுக்கு இருக்கேன்?”

மனைவி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபது வருடம் குடித்தனம் நடத்தியவர்களுக்கு எந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று தெரியும்.

மூடிப்போன கம்பெனிகளின் கணினிகளை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் கடையில் விளக்கம், கணினியின் பாகங்களெல்லாம் பொருந்தும் பலகையான மதர்போர்டு ஒன்றைப் பழையதாக வாங்கினார். திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை வேறொரு கடையில், ஒரு பெண்மணியிடம் வாங்கினார். இரண்டு விசிறிகளோடு செங்கல் கனத்துக்கு இருந்தது அது. இரண்டு கடையில் வாங்கினால் யாரையும் முழுதாக நம்பவேண்டியதில்லை என்பது அவருடைய ராஜதந்திரம். பவர் சப்ளையும் பெட்டியும் மட்டும் புதிது.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து, பழைய கணினியின் குடலை உருவி, எல்லாவற்றையும் புதுப் பெட்டிக்குள் பூட்டினார். ஸ்விட்சைத் தட்டினார். விசிறிகள் சுற்றின. விளக்கு எரிந்தது. போர்டு ஒருமுறை நீளமாகவும் இரண்டுமுறை குட்டையாகவும் கத்தியது. திரை மட்டும் கருப்பாகவே இருந்தது.

கார்டைக் கழற்றிவிட்டு, திரையின் ஒயரைப் போர்டிலேயே சொருகினார். படம் வந்தது. மறுபடி கார்டை மாட்டினார். மறுபடி அதே கத்தல், அதே கருப்பு.

“கார்டு செத்த கார்டு. அந்தம்மா ஏமாத்திட்டாங்க” என்று தீர்ப்பு எழுதினார்.

கடைக்குக் கொண்டுபோனதும் அந்தப் பெண்மணி கார்டை வாங்கித் தன் கணினியில் மாட்டினார். திரையில் ஒரு கண்ணாடிப் பந்து ஜம்மென்று உருண்டது.

“கார்டு நல்லா ஓடுது சார்.”

“உங்க மெஷின்ல ஓடி எனக்கு என்னம்மா பிரயோஜனம்?”

“அப்போ உங்க மெஷினைப் பாருங்க சார். இது எங்க பொறுப்பு இல்ல.”

இதையே கொஞ்சம் நீட்டி, மரியாதை சேர்த்து, எத்தனையோ பேருக்கு அவர் தபாலில் அனுப்பியிருக்கிறார். இப்போது நேரில் வாங்கிக்கொண்டபோது அது எவ்வளவு திமிர் பிடித்த வாக்கியம் என்று அவருக்குத் தோன்றியது. பதிலுக்கு அவர் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண்மணி அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

அடுத்து, போர்டைக் கொண்டுபோனபோது போர்டுக் கடைக்காரர் ஒரு பொடிக் கார்டை எடுத்து அந்தப் போர்டில் மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது.

“ரெண்டும் நல்லாத்தான் சார் இருக்கு. ஒண்ணா வச்சாத்தான் முகம் குடுத்துப் பேச மாட்டேங்குது. எங்க அம்மாவும் என் தம்பி பொண்டாட்டியும் மாதிரி.”

விளக்கத்துக்கு இது பெரிய அடி. குற்றவாளியே இல்லாத வழக்கை அவர் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து வைத்தியத்தில் இறங்கினார். கார்டின் பித்தளைப் பல்வரிசையை ரப்பரால் தேய்த்தார். மெமரியை இடம் மாற்றினார். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். பெட்டியைப் படுக்கப்போட்டார், நிமிர்த்தினார், ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். குடும்பம் சோபாவில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது.

பழைய கணினியும் போய், கார்டு இல்லாத புதியதில் சமையலறையும் சுற்றாமல் மனைவி என்ன செய்வார்? தினமும் பஸ் பிடித்து மரச்சாமான் கடைக்கே போய், அங்கிருந்த கணினியில் வரைந்துவிட்டு வந்தார்.

ஏழாம் நாள் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். சோபாவில் உட்கார இடமில்லாமல் நின்றபடியே கேட்டான்.

“மாமா, போர்டுல பயாஸ் எந்த வருஷத்துது?”

பயாஸ் என்பது போர்டுக்குள்ளேயே குடியிருக்கும் சின்ன மென்பொருள். ஸ்விட்ச் போட்டதும் முதலில் கண் விழித்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அதுதான்.

“அது எதுக்கு?”

“போர்டு பழசு, கார்டு அதுக்கு ரொம்பப் பின்னாடி வந்தது. பழைய பயாஸுக்கு இந்தக் கார்டு யாருன்னே தெரியாது. போர்டு கம்பெனி சைட்டுல புதுசு இருக்கும். பென் டிரைவ்ல எடுத்து ஏத்திட்டா சரியாயிடும்.”

“பயாஸ்ல கை வச்சா போர்டே போயிடும் தெரியுமா? உன் லிஃப்டுக்கு மேல, கீழன்னு ரெண்டு பட்டன். இது அப்படி இல்லப்பா.”

“நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கிறதும் எங்க வேலைதான் மாமா” என்றான் மச்சினன். அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். காபி கொடுக்க வந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் செவ்வாய்க்கிழமை, அலுவலகத்துக்கும் மரச்சாமான் கடைக்கும் விடுமுறை. விளக்கம் காலையில் எழுந்து கார்டை இன்னொரு முறை அழுத்தித் தேய்த்து மாட்டினார். படம் வரவில்லை. காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனார்.

மனைவி தம்பிக்குப் போன் போட்டார். மரச்சாமான் கடையிலேயே புதுப் பயாஸைப் பென் டிரைவில் இறக்கி வைத்திருந்தார். தம்பி சொல்லச் சொல்லக் கார்டைக் கழற்றி, ஒயரைப் போர்டில் சொருகி, பயாஸை ஏற்றினார். “கரண்ட் மட்டும் போகக்கூடாதுக்கா, எதையும் தொடாதே” என்றான் தம்பி. ஆறு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அணைத்து, கார்டை மாட்டி, ஸ்விட்ச் போட்டார். குட்டையாக ஒரே ஒரு சத்தம். படம் வந்துவிட்டது.

விளக்கம் திரும்பி வந்தபோது திரையில் ஒரு சமையலறை சுற்றிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

“பாத்தியா? காலைல அழுத்தித் தேச்சேன்ல?”

மனைவி ஒரு கணம் யோசித்தார். உண்மையைச் சொன்னால், அது ஏன் உண்மை அல்ல என்று முக்கால் மணிநேரம் கேட்கவேண்டியிருக்கும். அடுப்பில் வேலை இருந்தது.

“ஆமாங்க. நல்லாத் தேச்சீங்க.”

மறுநாள் காலை மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

“எங்க கிளம்பிட்டே? மெஷின்தான் சரியாயிடுச்சே?”

“சரியாயிடுச்சு. நான் கடைக்குத்தான் போறேன். வடிவமைப்புப் பிரிவை என்னையே பாத்துக்கச் சொல்லிட்டாங்க.”

அந்தப் பத்து நாளில் மனைவி வாடிக்கையாளர்களோடு நேரில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். ஒரு கிழவர் பிடிவாதமாகக் கேட்ட உயரமான அலமாரியை, அந்தக் கிழவரின் மனைவிக்குக் கை எட்டாது என்று காட்டி மாற்ற வைத்திருக்கிறார். முதலாளி பார்த்திருக்கிறார். வீட்டில் யாரும் கேட்காததால் இதையெல்லாம் அவர் சொல்லவில்லை.

மனைவி போனதும் விளக்கம் உள்ளே வந்தார். கணினி முன் உட்கார்ந்தார். மனைவி வரைந்திருந்த இழுப்பறையைத் திறந்தார். தயங்காமல் முழுதாகத் திறந்தது. மூடினார். இன்னொரு முறை திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

ஆனால் அவர் வாடுகிற ஆள் இல்லை. ஒரே வாரத்தில், ரப்பர் வைத்தியத்தின் புகழ் அலுவலகம் முழுக்கப் பரவியது. மனைவிக்குப் பெரிய பதவி வாங்கிக் கொடுத்ததும் தன்னுடைய திட்டம்தான் என்று ஒரு கிளைக்கதையும் சேர்ந்துகொண்டது. அதை நம்பிய மேலாளர், விசிறி லேசாகச் சத்தம் போடுகிறது என்று தன் கணினியைக் கொடுத்தனுப்பினார். விளக்கம் அதையும் பிரித்துத் தேய்த்தார். விசிறிச் சத்தம் நிற்கவில்லை. படம் நின்றுவிட்டது.

“போர்டு சரியில்ல” என்றார் அவர்.

மனைவி எழுந்தார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் வீட்டின் பின்பக்க நடையை அளந்தார். ஒருவர் மட்டும் உட்கார்ந்து தேய்க்கக்கூடிய மேஜை ஒன்று, சரியாக மூன்றடிக்கு, கடையில் சொல்லிச் செய்யவேண்டியிருந்தது.