தேரிக்காட்டில் டேப்பை மிதித்து நின்றது

சாத்தான்குளத்துக்குக் கிழக்கே தேரிக்காட்டில் எட்டு மாதம் மரக் கணக்கெடுக்கும் வேலை பார்த்தேன். நான் தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, மைல் கணக்கில் கிடந்த அந்தச் சிவப்பு மணலும் முந்திரியும் உடைமரமும் வேற்றூராகத்தான் தெரிந்தன. துணைக்கு உள்ளூர்க் காவலாள் ஒருவர் வருவார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவரோ, மகள் வயதுக்காரியான என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் காலை அளந்துகொண்டிருந்தோம். டேப்பின் ஒரு முனை என் கையில். மறுமுனையோடு அவர் மணல்மேட்டைத் தாண்டிப் போயிருந்தார். திடீரென்று டேப் கனத்தது. இழுத்தேன், வரவில்லை. அவர் விளையாடுகிறார் போல என்று மேட்டில் ஏறிப் பார்த்தால், நடுவில் ஏதோ ஒன்று டேப்பை மிதித்துக்கொண்டு நின்றது.

நாய் இல்லை. நரியும் இல்லை, நரியை அங்கே பல முறை பார்த்திருக்கிறேன். ஆட்டுக்குட்டி உயரம், மண்ணின் அதே சிவப்பு. தடித்த வால் மணலில் கிடந்தது. பின்னங்கால்கள் நீளம். முகம் எதைப் போல இருந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணாச்சி, மேடத்தை மறந்து, மெதுவாகச் சொன்னார்: "ஏளா, அசையாத. அது ஒண்ணும் செய்யாது."

அது டேப்பை மோந்து பார்த்துத் தும்மியது. பிறகு அவசரமில்லாமல் முந்திரிப் புதருக்குள் போய்விட்டது. நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வருடமாக அதைப் பார்த்துவருவதாக அவர் அப்புறம் சொன்னார். கிறுக்கு என்பார்களே என்று வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். கோடையில் பாவமாக இருக்கிறதென்று ஒரு பிளாஸ்டிக் தொட்டியை மணலில் பதித்து, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவந்திருக்கிறார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். சொறி பிடித்த நரியாக இருக்கும் என்று அவர் சிரித்தார். ஆனாலும் தொட்டிக்கு எதிரே, எது அசைந்தாலும் தானே படமெடுக்கும் ஒரு கேமராவைக் கட்டிவைத்தார். அண்ணாச்சி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு மாதம் கழித்துப் படங்களைப் பார்த்தோம். கீரி, மயில், இரண்டு நரி. மீதியெல்லாம் அண்ணாச்சிதான். குடத்தோடு வருகிறார், பாசியைத் தேய்த்துக் கழுவுகிறார், குத்தவைத்து உட்கார்ந்து புதரைப் பார்த்துப் பேசுகிறார். ஒரு படத்தில் கேமராவுக்கு நேராக நின்று தலை சீவிக்கொண்டிருந்தார்.

அதிகாரி போன பிறகு, புதரிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"வடக்க இன்னொரு தொட்டி வச்சிருக்கேன், அங்கன போயிக் குடின்னு சொன்னேன்."

அன்று சாயங்காலம் என்னையும் அங்கே கூட்டிப்போனார். பனை மறைவில் உட்கார்ந்திருந்தோம். அது வந்தது. நிதானமாகக் குடித்தது, எங்களை ஒரு பார்வை பார்த்தது, போனது. பையிலிருந்த போனை நான் எடுக்கவே இல்லை.

இப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். அண்ணாச்சி அவ்வப்போது போன் செய்வார். இந்தக் கோடையில் இரண்டு தடவை பார்த்தாராம். அதற்குப் பேர் வைத்தீர்களா என்று கேட்டேன். நம் வீட்டில் வளர்கிறதா என்ன, பேர் வைப்பதற்கு என்றார். பிறகு என் அம்மாவின் முட்டுவலியை விசாரித்தார்.