தலைகீழாக நட்ட கண்டல்

எங்கள் நாற்றங்காலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். கண்டல் காய்க்கு எது தலை, எது கால் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காமல் விட்ட ஒரு பெரிய மனிதரின் கதை இது. சொல்லாமல் விட்ட என் கதையும்தான்.

நாங்கள் இருளப் பெண்கள். கடப்பாக்கம் பக்கத்து உப்பங்கழியில் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடித்துப் பிழைத்தவர்கள். கரையோரச் சேற்றில் வளர்ந்து அலையைத் தடுக்கும் கண்டல் மரங்கள் போனதும் இறாலும் நண்டும் குறைந்தன. புயல் வந்தால் தண்ணீர் குடிசைக்குள்ளேயே வந்தது. அதனால் குழுவாகச் சேர்ந்து, காய் பொறுக்கி, நாங்களே நட ஆரம்பித்தோம். மூன்றாம் வருடம் வனத்துறை ரேஞ்சர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவ நட்டது நிக்கலன்னா, அடுத்த வருஷம் இந்த வேலயக் கான்ட்ராக்டருக்குக் குட்த்துடுவேன்." கான்ட்ராக்டர் என்றால் வாய்க்கால் வெட்ட ஜேசிபி வரும். அது இறங்கினால் மிச்சமிருக்கும் நண்டு வளையும் காலி.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஓர் ஐடி கம்பெனி கண்டல் நடுவதற்காக ஏசி பஸ்ஸில் வந்து இறங்கியது. எல்லோருக்கும் ஒரே பச்சை டீ-ஷர்ட். "காயை எடுத்துக் குடுங்க, போதும். நடறது அவங்க" என்றார் கூட்டி வந்தவர்.

கண்டல் காய் பார்க்க முருங்கைக்காய் மாதிரி இருக்கும். மெலிந்த நுனியில் ஒரு சின்ன மொட்டு. அதுதான் மேலே நிற்க வேண்டும். தடித்த முனை சேற்றுக்குள் போய் வேர் விடும். வந்தவர்களோ மெலிந்த பக்கத்தை ஆணி அடிப்பதுபோல் சேற்றில் குத்தினார்கள். வரிசை மட்டும் நூல் பிடித்த மாதிரி அவ்வளவு அழகு.

பக்கத்தில் நின்ற கன்னியம்மா என்னைக் கிள்ளினாள். "இன்னாக்கா இது, எல்லாம் தலகீயா கீது? சொல்லுக்கா!"

நான் சொல்லவில்லை. கழியில் இறங்கினால், இறால் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தடவுவது எங்கள் வழக்கம். வாய் தானாக மூடிக்கொள்ளும். அன்று பல்லில் பறி இல்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. இங்கிலீஷ் பேசுகிறவர்கள் முன்னால் பயம், வேறொன்றுமில்லை.

போட்டோ, கைதட்டல், டாட்டா. பஸ் ஈசிஆர் பக்கம் திரும்பியதுமே "எறங்குங்கடி!" என்றேன். ஓதம் ஏறித் தண்ணீர் மூடுவதற்குள் அத்தனையையும் பிடுங்கித் திருப்பி நட வேண்டும். பாதி முடிந்தபோது கரையிலிருந்து ஓர் அலறல்.

"ஹலோ! நாங்க நட்டதை ஏன் புடுங்கறீங்க?"

கம்பெனி மேனேஜர். சேற்றில் புதைந்துபோன ஒரு ஷூவைத் தேடி, மற்றதை மட்டும் மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். "இருங்க, ரேஞ்சருக்கே சொல்றேன்" என்று போனை எடுத்தார்.

'பிடுங்கினார்கள்' என்பது மட்டும் ரேஞ்சர் காதில் விழுந்தால் கழி எங்கள் கையை விட்டுப் போய்விடும். எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"போடு சார், போனப் போடு! நீ நட்டதெல்லாம் தலகீயா கீது. அப்டியே வுட்டா அழுகிப்பூடும். ஒன்ன தலகீயா நட்டா நீ நிப்பியா?"

கன்னியம்மா சிரித்தேவிட்டாள். மேனேஜர் என் கையிலிருந்த காயையும் சேற்றிலிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். போன் கீழே இறங்கியது.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருக்கணும் சார். அது என் தப்புதான்."

பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு அவரும் இறங்கினார். அவர் காய் நட்ட நேரத்தைவிட நாங்கள் அவரைச் சேற்றிலிருந்து பிடுங்கிய நேரம்தான் அதிகம். ஆனாலும் ஓதத்துக்கு முன்னால் கடைசி வரிசையையும் திருப்பிவிட்டோம். ஷூ கிடைக்கவே இல்லை.

சில மாதம் கழித்து ரேஞ்சர் சோதனைக்கு வந்தபோது செடிகள் இலை விட்டு நின்றன. வேலை எங்கள் குழுவுக்கே என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது யார் நட வந்தாலும் முதல் பேச்சு என்னுடையது. மைக் கொடுக்காவிட்டாலும் பேசுவேன். நீங்களும் பேசுங்கள். தப்பு செய்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். நல்ல மனசோடு வந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மரியாதை என்று நாம் வாயை மூடிக்கொண்டால், சாகப்போவது செடிதான்.