குழந்தைப் படத்தில் வெட்டிய கேஸ்கெட்

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர், சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ போட்டார். என் நிம்மதி அன்றோடு போனது.

வீடியோவில் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பைக் இன்ஜினின் வலது பக்க மூடியைக் கழற்றுகிறார். எண்ணெய் கசியாமல் இருக்க ஓரத்தில் வைக்கும் அட்டை கேஸ்கெட் நைந்துபோயிருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை வைத்து மூடுகிறார். கையில் ஒரு கறை இல்லை. சட்டை வேறு வெள்ளை. சாத்தூரிலிருந்து மாமியாரின் குரல் உடனே வந்து விழுந்தது: "என்னமா வேலை பாக்காக எங்க சின்ன மாப்பிள்ளை! மெக்கானிக்கே வேணாம்னு தானே செஞ்சுட்டாக, பாருங்க எல்லாரும்."

எல்லாரும் என்றால் யார்? குரூப்பில் இருக்கிற இன்னொரு மாப்பிள்ளை நான் ஒருத்தன்தானே?

இரண்டு பேர் வண்டியும் ஒரே மாடல். என்னுடையது கறுப்பு, அவருடையது சிவப்பு. நான் எடுத்ததைப் பார்த்துத்தான் அவர் எடுத்தார் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். அவருடையது இன்னும் புது வண்டி மாதிரி மினுக்குகிறது. என்னுடையது என் மனைவி போடும் கோலத்தில் தினமும் ஓர் எண்ணெய்ப் புள்ளி கூடுதலாக வைத்துவிட்டுப் போகிறது. அந்த வீடியோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலை செய்வது வேறு யாருடைய கையாகவாவது இருக்காதா என்று ஓர் ஆசை. மோதிரம் அவருடையதுதான். என் கல்யாணத்துக்குப் போட்டதைவிடக் கனமான மோதிரம்.

அடுத்ததாக அவரே எழுதினார்: "அண்ணே, ஆடிக் கடைசி வெள்ளிக்கு எல்லாரும் இருக்கன்குடி கோயில்ல பொங்கல் வைக்கப் போறோம்ல. உங்க வண்டி ஒழுகுதுன்னு அக்கா சொன்னாங்க. உங்களுக்கு மட்டும் ஆட்டோ சொல்லிரட்டுமா?"

அவர் பிடித்துக் கொடுத்த ஆட்டோவில், மொத்த மாமியார் வீடும் பார்க்க, நான் போய் இறங்குவதா? சொந்த வண்டியில் போய் இறங்கினால்தான் நான் மனுஷன் என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை அச்சு ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, கடையில் மிச்சமிருந்த ஒரே கேஸ்கெட்டையும் வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்தேன்.

"தெரியுமா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"உன் தங்கச்சி புருஷனுக்குத் தெரியும்போது எனக்குத் தெரியாதா?"

"அவுக நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனில போர்மேன். எதையும் நிதானமாச் செய்வாக. நீங்க சாமி கும்பிடும்போதே தீக்குச்சிய உடைக்கிற ஆளு."

எண்ணெயை வடித்தேன். கிக்கரைக் கழற்றினேன். போல்ட்டுகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்பதால் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மூடியின் படத்தை வரைந்து, எது எங்கே இருந்ததோ அங்கே குத்தி வைத்தேன். அதுவரை நான் மேதை. மூடியைத் தட்டி எடுத்ததும், அது நேராக உட்கார்வதற்காக உள்ளே இருக்கும் சின்னக் குழாய்த் துண்டு ஒன்று துள்ளி ஓடியது. ஐயோ, போச்சு, இன்ஜின் செத்தது, நாளைக்கு ஆட்டோதான் என்று நாலு காலில் தவழ்ந்து தேடினேன். துண்டு கிடைத்தது. எழுந்து பார்த்தால் புது கேஸ்கெட் என் முழங்காலுக்கு அடியில் இரண்டாகக் கிடந்தது.

கடைக்குப் போன் போட்டேன். "மதுரைலேருந்து வரணும், சனிக்கிழமை ஆகும்ணே" என்றார்கள்.

சிவகாசியில் அச்சு ஆபீஸ் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. அட்டை என்று பெயர் வந்துவிட்டால் அது தன் சப்ஜெக்ட் என்று நினைத்துக்கொள்வான். இருபது வருடமாக அட்டையை வடிவமாக வெட்டுகிற எனக்கு ஒரு கேஸ்கெட் வெட்டத் தெரியாதா? பரணில் கழிவு காலண்டர் அட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன. எடுத்தால் முருகன், அடுத்தது லட்சுமி, அடுத்தது பிள்ளையார். சாமி படத்தைக் கத்தரித்து இன்ஜின் எண்ணெயில் ஊறப்போட எனக்குத் துணிச்சல் இல்லை. கடைசியில் சிரிக்கிற குழந்தை ஒன்று சிக்கியது. வார்னிஷ் பூசிய நல்ல வழவழப்பான அட்டை, எண்ணெய் இறங்காது. மூடியை வைத்துக் கோடு போட்டு, பிளேடால் வெட்டி, பஞ்ச் மெஷினால் ஓட்டை போட்டேன். கம்பெனிக்காரனே தோற்றான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாட்டி, எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் செய்தேன். ஒரு சொட்டு இல்லை. உடனே வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். மாமியார் கும்பிடுகிற கை இரண்டு அனுப்பினார். சகலைக்கு மூன்று அனுப்பியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சகலையின் குரல்: "சூப்பர்ணே! ஆமா, மூடி ஓரத்துல ரோஸ் கலரா என்னமோ தெரியுதே, அது என்னது?"

குனிந்து பார்த்தேன். குழந்தையின் கன்னம். அதற்குக் கீழே வெட்டிய ஓரமெல்லாம் கறுத்து, எண்ணெய் வரிசையாகக் கோத்து நின்றது. வார்னிஷ் இருந்தது மேல்பக்கத்தில் மட்டும்தான். வெட்டிய ஓரம் தாகத்தோடு குடிக்கும் என்பது அச்சு ஆபீஸில் எனக்கே தெரிந்த பாடம்.

அரைமணி நேரத்தில் சிவப்பு வண்டி வாசலில் வந்து நின்றது.

"எனக்கு வாங்கும்போதே ஒண்ணு கூட வாங்கி வச்சேண்ணே. இந்தாங்க." கேஸ்கெட்டை நீட்டினார்.

"நீங்களே போட்டு விட்டுருங்களேன்" என்றேன், எரிச்சலை மறைத்துக்கொண்டு.

"நான் கை வைக்க மாட்டேண்ணே. உங்க வண்டி, நீங்களே போடுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகக் காபி குடித்தார். அவருக்குப் பூப் போட்ட கண்ணாடி கிளாஸ். எனக்குக் குளியலறைச் சொம்பின் தம்பி மாதிரி ஒரு டம்ளர். பதற்றத்தில் ஒரு போல்ட்டை முறிக்கப் பார்த்தேன். "மெதுவாண்ணே" என்றார், அவ்வளவுதான். இந்த முறை கசியவில்லை.

வெள்ளிக்கிழமை சொந்த வண்டியில், மனைவியைப் பின்னால் வைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருக்கன்குடியில் போய் இறங்கினேன். மாமியார் ஓடி வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. உங்க வண்டிய சின்ன மாப்பிள்ளை சரி பண்ணிக் குடுத்தாகளாமே?"

"நான்தான் பண்ணேன் அத்தை."

"ஆமா ஆமா. அவுக பக்கத்துல இருந்தாகல்ல, அதான்."

இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து பார்த்தேன். என் வண்டிக்குக் கீழே மண் காய்ந்திருந்தது. சிவப்பு வண்டிக்குக் கீழேயும், பாழாய்ப் போனது, காய்ந்தே இருந்தது.

சந்நிதியில் எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். 'ஆத்தா, அந்தச் சிவப்பு வண்டிக்கு ஒரு சொட்டு. பெருசா ஒண்ணும் வேண்டாம், இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. மாமியார் பார்க்கிற நேரத்துல ஒரே ஒரு சொட்டு.'

"இம்புட்டு நேரமா என்ன வேண்டுதீக?" என்று இடித்தாள் மனைவி.

"குடும்பத்துக்குத்தான்" என்றேன்.