'நாம என்னா லா?' பாட்டும் பக்கத்து சீட்டும்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். யாரையும் நம்ப வைக்க எனக்குத் தெம்பில்லை. கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவள் உட்கார்ந்து கதை கட்ட மாட்டாள். என் பெயர் தினேஸ்வரி. வீடு ஈப்போ சிலிபினில், வேலை காம்பார் பக்கம். போன வருஷம் மே மாதம் என் காரில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கோகிலன் எனக்கு யார்? அந்தக் கேள்விக்குத்தான் நாலு வருஷமாகப் பதில் இல்லாமல் இருந்தேன். ஒரே தொழிற்சாலை. நான் பேக்கிங், அவன் பச்சைப் பேனாவோடு தரம் பார்க்கிறவன். நான் போகிற வழியில் ஒரு பழைய ரப்பர் எஸ்டேட் உண்டு. இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம். லயத்து வீடுகளில் ஒரு வரிசைதான் மிச்சம், அதில் அவன் வீடு. காலை 6.20க்கு எஸ்டேட் பாதை பெரிய ரோட்டில் சேருகிற சிம்பாங்கில் ஏற்றிக்கொள்வேன். சாயங்காலம் 7.40க்கு அங்கேயே இறக்கிவிடுவேன். "நாளைக்கு வாரேன்" என்பேன். "ம்" என்பான்.

எனக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தான். ஆனால் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று சொன்னால், "நல்ல எடமா இருந்தா பாரு லா" என்பான். அப்போதே அவன் கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

ஆபீசில் ஒரு போராங் கொடுத்தார்கள். நமக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அந்தப் படிவத்தில் எழுத வேண்டும். அவன் பெயரை எழுதினேன். அடுத்த கட்டம், உறவுமுறை. "என்னா எழுத?" என்று அவனையே கேட்டேன்.

"அப்பறம் எழுதிக்கலாம்லா."

கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் அந்தப் பாட்டு எல்லா இடத்திலும் ஓடியது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் பாடியது. 'கூட்டாளியா, காதலா... வாயத் தொறந்து சொல்லு லா... நாம என்னா லா?' என்று ஒருத்தி கேட்பாள். பையன் கடைசி வரை பதில் சொல்ல மாட்டான். என் காரில் ரேடியோ சத்தம் எப்போதும் பதினெட்டில் இருக்கும். அந்த 'நாம என்னா லா?' வரி வரும்போது மட்டும் கோகிலன் கை நீட்டி நாலுக்குக் குறைப்பான். வரி முடிந்ததும் ஏற்றிவிடுவான். ஒவ்வொரு தடவையும்.

இன்னொன்று, சீட் பெல்ட் போட மாட்டான். ஆள் உட்கார்ந்து பெல்ட் போடவில்லை என்றால் என் கார் டிங் டிங் என்று கத்தும். சிம்பாங்கில் இறங்குகிற வரைக்கும் அந்தச் சத்தத்தோடுதான் வருவோம்.

மே மாதம் ஒரு ஞாயிறு, நண்பர்களோடு லூமுட்டுக்கு மீன் பிடிக்கப் போனான். மழையில் வேன் சறுக்கியது. முன் சீட்டில் இருந்தவன் அவன். பெல்ட் போடவில்லை.

திங்கட்கிழமை எடுத்தார்கள். நான் கடைசியில் நின்றேன். அவன் பெரியம்மா மங்களம் என் கையைப் பிடித்து, "நீ யாரும்மா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒன்னா வேல செஞ்சோம்."

அப்புறம் பெட்டியருகில் குனிந்தேன். முகத்தைப் பார்த்தேன். நாலு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நாளைக்கு வாரேன்."

மங்களம் பெரியம்மா என் வாயைப் பொத்தினார். "ஐயோ... எழவு வீட்ல அப்படிச் சொல்லலாமா? பேசாமப் போகணும்மா!" எனக்கும் தெரியும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் சொல்லியாகிவிட்டது.

மறுநாள் செவ்வாய். காலை 6.20. அரைத் தூக்கத்தில் சிம்பாங்கில் காரை நிறுத்தியிருக்கிறேன். கதவுப் பூட்டையும் திறந்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதுவிட்டுக் கிளம்பினேன்.

டிங்... டிங்... டிங்...

பையைத்தான் சீட்டில் வைத்துவிட்டேன் போல என்று பார்த்தேன். பை பின் சீட்டில் இருந்தது.

வேலை முடிந்து வரும்போதும் அதே சத்தம். 7.22க்கு அந்தப் பாட்டு வந்தது. 'வாயத் தொறந்து சொல்லு லா' வரைக்கும் ஒழுங்காக ஓடியது. பிறகு சத்தம் இறங்கியது. பதினெட்டு... பன்னிரண்டு... நாலு. என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

7.41க்கு சிம்பாங் வந்தது. டிங் சத்தம் நின்றது.

இரண்டு வாரம் இப்படியே. மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒன்றும் இல்லை என்றான். பயமா என்றால் பயம்தான். ஆனால் அதைவிட அலுப்பு. செத்த பிறகும் ஏறுகிறான், இறங்குகிறான், அந்த வரிக்குச் சத்தத்தைக் குறைக்கிறான். அப்போதும் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

பதினாறாம் நாள், திங்கள். அவன் வீட்டில் கருமாதி. என்னைக் கூப்பிடவில்லை. கூட வேலை செய்தவளை எதற்குக் கூப்பிடுவார்கள்?

7.24. செம்பனைக்கு மேலே கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. பாட்டு வந்தது.

டிங்... டிங்...

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. காலியான சீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"இன்னிக்காவது கேளு லா! நான் ஒனக்கு யாரு? சொல்லிட்டுப் போ!"

'கூட்டாளியா, காதலா...'

சத்தம் குறையவில்லை.

'வாயத் தொறந்து சொல்லு லா...'

பதினெட்டு. பதினெட்டிலேயே நின்றது.

'நாம என்னா லா?'

முழுசாகக் கேட்டது. அவன் பக்கத்தில் இருக்கும்போது முதல் தடவை.

பக்கத்தில் ஏதோ இழுபடும் சத்தம்... மெதுவாக...

டக்.

டிங் சத்தம் நின்றுவிட்டது.

நான் திரும்பவில்லை.

7.41. சிம்பாங்.

நிறுத்தினேன். ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்...

இறங்கினானா? எப்படித் தெரியும்? சத்தம்தான் இல்லையே.

8.20க்கு சிலிபினில் வீட்டு வாசலில் நிறுத்தி, அப்போதுதான் பார்த்தேன்.

காலியான சீட்டின் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம் ஆபீசுக்குப் போனேன். போராங்கில் அவன் பெயரை எடுத்துவிட்டு அம்மா பெயரைப் போடலாம் என்றுதான். ஆபீஸ் பிரமிளா அக்கா அலமாரியைச் சாவி போட்டுத் திறந்தார். என் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்க கட்டிக்கிட்டீங்களா? சொல்லவே இல்ல?"

வாங்கிப் பார்த்தேன். உறவுமுறைக் கட்டம் காலியாக இல்லை. பச்சை மையில், இடது பக்கம் சாய்ந்த எழுத்தில், மலாயில் எழுதியிருந்தது. கணவன்.

அந்த எழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கையுறைப் பெட்டி மேல் பார்த்த எழுத்து.

"எப்பவோ எழுதியிருப்பான் அக்கா" என்றேன்.

பிரமிளா அக்கா இன்னொரு கோப்பை எடுத்தார். தலைமை ஆபீசுக்கு அனுப்ப எல்லாப் போராங்கையும் நகல் எடுத்திருக்கிறார். என் தாளின் நகலும் இருந்தது. மேலே தேதி முத்திரை. அவன் செத்து ஒன்பதாம் நாள்.

அந்த நகலில் கட்டம் காலி.

"அப்பறம் இந்த அலமாரிய நான் தொறக்கவே இல்ல, தினேஸ்" என்றார். "சாவி எங்கிட்டதான் இருக்கு." பேனாவை எடுத்தார். "அடிச்சிடவா?"

அந்தப் பச்சை எழுத்தை இன்னொரு தடவை பார்த்தேன். உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை எழுத அவனுக்கு நாலு வருஷம் போதவில்லை.

"வேணாங்க்கா. இருக்கட்டும்."

இன்னும் அந்தத் தாள் அங்கேதான் இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால், முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.