லூப் எனக்கு விளங்கிய நாள்

சகோதரிகளே, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து என் கணவர் படுக்கையில் கிடந்த காலம் அது. பாலமுனையில் எங்கள் வீட்டில் உழைக்க வேறு ஆளில்லை. பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு தொழில் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கல்முனையில் கணினிப் பாடநெறி ஒன்றில் சேர்ந்தேன்.

புரோகிராமிங்கில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரே வேலையைக் கணினியைக் கொண்டு திரும்பத் திரும்பச் செய்விக்கும் 'லூப்' தலைக்குள் ஏறவேயில்லை. படிப்பிக்கும் சேர் பலகையில் எழுதும்போது எல்லாம் விளங்கும். தனியே கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒரு வரியும் வராது. வரிகளைப் பாடமாக்கினேன். கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் அதுவும் உதவாது. முதல் பரீட்சையில் தவறினேன். அடுத்த பரீட்சைக்கு முதல்நாள் சேர் சொன்னார்:

"இதுலயும் சித்தியடையாட்டி கோர்ஸத் தொடர ஏலாதும்மா."

அன்று நண்பகல் ளுஹர் தொழுகையில், நெற்றியை நிலத்தில் வைத்த ஸுஜூதிலிருந்து தலையைத் தூக்க மனம் வரவில்லை. அதுவரை ஞாபகசக்தியைத்தான் கேட்டு வந்தேன். அன்று, "யா அல்லாஹ், எனக்கு விளக்கத்தைத் தா" என்று மட்டும் கேட்டு அழுதேன்.

சிவந்த கண்ணோடு கணினி அறைக்குத் திரும்பினேன். பக்கத்துக் கதிரையில் மதுரா இருந்தாள். கல்முனை மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. சிரிப்பதோடு சரி, நாங்கள் கதைத்ததில்லை. பல எண்களில் ஆகப் பெரியதைக் கண்டுபிடிக்கும் பயிற்சியில் நான் தடுமாறுவதைக் கண்டு கிட்ட வந்தாள்.

"அக்கா, திரையப் பாக்காதீங்க. கூடைக்குள்ள கைய விட்டு மீன ஒவ்வொண்டா எடுக்கிறீங்க. ஆகப் பெரிசு எதெண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பீங்க?"

"ஒண்டக் கையில வச்சிருப்பன். அடுத்தது அதவிடப் பெரிசெண்டா, இத வச்சிட்டு அத எடுப்பன்."

"மறுகா?"

"கூடை முடியுமட்டும் அப்பிடித்தான்."

"ஓம், அதான் லூப். சொன்னத அப்பிடியே எழுதுங்க."

எழுதினேன். பிழையில்லாமல் ஓடியது. மதுராவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் பரீட்சையில் வந்தது வேறு கணக்கு. விசைப்பலகையைத் தொடாமல், என்ன செய்யவேண்டும் என்று முதலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு எழுதினேன். பெரிய புள்ளி இல்லை, ஆனால் சித்தியடைந்தேன். இன்று சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையின் கணினி வேலை என் பொறுப்பு. கணவர் ஊன்றுகோலோடு தொழுகைக்குப் பள்ளிக்கு நடந்து போகிறார். எந்தச் சிக்கல் வந்தாலும் பதறாமல் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டேன்.

அன்று மதுரா கிட்ட வந்தது தற்செயல் என்று சிலர் சொல்வார்கள். ஸுஜூதில் கேட்டுவிட்டு எழும்பி வந்த எனக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

நீங்களும் அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டபின், பக்கத்தில் இருப்பவர் கதைக்க வந்தால் முகத்தைத் திருப்பிவிடாதீர்கள். யாருடைய வாயால் அவன் பதில் தருவான் என்று நமக்குத் தெரியாது.