தச்சர் பசை போட்ட இசைத்தட்டு

தச்சருக்குப் பழைய இசைத்தட்டு என்றால் பைத்தியம். காயலான் கடையில் கிடப்பதை அள்ளிக்கொண்டு வந்து, மரம் ஒட்டும் வெள்ளைப் பசையை அதன்மேல் தாராளமாக ஊற்றுவார். மறுநாள் காய்ந்து தோலாகிவிடும். உரித்தால் கோடுகளுக்குள் இருக்கிற தூசு தும்பெல்லாம் அதோடு வந்துவிடும், பாட்டு கணீரென்று கேட்கும். பார்க்கிறவர்கள்தான் "ஐயோ, தட்டு போச்சே" என்று பதறுவார்கள். அவருக்கு அது கைவந்த கலை.

அப்பேர்ப்பட்டவர் சொந்த அக்காவின் தட்டில் கோட்டை விட்டார்.

அக்கா புருஷன் இளவயதில் ஒரு பாட்டுக் குழுவில் இருந்தவர். குழு போட்டதே ஒரு தட்டுதான். அதில் மாமா தனியாகப் பாடுவது நாலே வரி. போன வருடம் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, மனுஷனுக்குக் குரலே போய்விட்டது. என்ன வேண்டுமானாலும் நோட்டில்தான் எழுதிக் காட்டுகிறார். தட்டைப் போட்டாலோ ஒரே இரைச்சல்.

"அந்த நாலு வரி மட்டும் கேட்டாப் போதும்டா" என்று அக்கா கொண்டுவந்து கொடுத்தாள்.

பயந்து பயந்து செய்ததுதான் வினை. "பசையை மெல்லிசா இழுத்தாத்தான்டா பிடிக்கும்" என்று மரம் ஒட்டும் பையன்களிடம் முப்பது வருடம் பட்டறையில் கத்தியவர். தாராளமாக ஊற்றப் பயந்ததில், கை அந்தப் பழக்கத்தில் மெல்லிசாகவே இழுத்துவிட்டது. பிடித்தது பாருங்கள் ஒரு பிடி! மறுநாள் உரித்தால் பிசிறு பிசிறாகக் கிழிகிறது. பாதிப் பசை கோடுகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. சுரண்டினால் பாட்டே போய்விடும். தச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்து அக்காவும் மாமாவும் வந்து நின்றார்கள்.

"கெடுத்துட்டேன்க்கா."

அக்கா தட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாமாதான் நோட்டை எடுத்து எழுதினார்: "இனிமே கெட என்ன இருக்கு? இன்னும் ஊத்து."

அடச்சே, இது ஏன் தோன்றவில்லை! புதுப் பசையில் பழையது ஊறினால் இரண்டும் ஒன்றாகக் காயுமே! தச்சர் பாட்டிலையே கவிழ்த்தார்.

மறுநாள் மூவருமாகக் குனிந்து நின்றார்கள். ஓரத்தைக் கிள்ளி இழுத்தார். சர்ரென்று மொத்தத் தோலும் கிழியாமல் கையோடு வந்தது. அப்பாடா! தச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முள்ளை வைத்ததும் கூட்டமாகப் பாடியவர்கள் ஓய்ந்து, ஓர் இளங்குரல் தனியாக எழுந்தது. மூன்றாம் வரியில் தாளத்தை முந்திக்கொண்டு ஓடியது.

"பாருங்க, அப்பவே அவசரம்!" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மாமா தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு எழுதினார்: "பையன் நல்லாத்தான் பாடுறான். யாரு?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் அக்கா.