காப்பி என் பையில், சூடு அவன் பையில்

இது நடந்தது. எனக்கே நடந்தது. வெளியே சொன்னால் எனக்குத்தான் மானக்கேடு, ஏனென்றால் இதில் வருகிற ஆளை நான் கல்யாணம் பண்ணிக்கொள்ள இருந்தேன். வசந்த காலத்துக்கு மண்டபம்கூடப் பேசி முடித்தாயிற்று. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

என் பெயர் நாரே. அவன் பெயர் டேசிக். சியோலில் வேலை, சனிக்கிழமையானால் மலை. முதுகுப்பை கனக்கக் கூடாது என்று உயிரை விடுகிற ஒரு ரகம் உண்டே, அதில் இவன் முதல் ஆள். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டுவான். சட்டைக் காலரில் தைத்த துணித்துண்டைக்கூடக் கத்தரித்துவிடுவான். ஆனால் துரைக்குக் காப்பி மட்டும் நல்ல காப்பியாக இருக்க வேண்டும். கையால் சுற்றுகிற சின்ன மிஷின், காகித வடிகட்டி, டைட்டானியம் கோப்பை, அந்த வாரம் வறுத்த கொட்டை என்று எல்லாம் வரும்.

இரண்டு பேர் போனால் சாமானைப் பிரித்துச் சுமப்பது இவர்கள் வழக்கம். எதுவும் இரண்டாக வராது. காப்பிச் சாமான் முழுக்க என் பையில். கூடாரம், போர்வை, தண்ணீர், சூட்டுப் பொட்டலம் மூன்று, எல்லாம் அவன் பையில். மலையில் நெருப்பு மூட்டத் தடை என்பதால் இந்தப் பொட்டலம். கொஞ்சம் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று கொதிக்கும். மேலே வைத்த பாத்திரமும் சுட்டுவிடும்.

ஆளுக்கு ஒரு பொட்டலமாவது வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன்.

"உனக்கு எது லேசோ அதத்தானே குடுத்திருக்கேன், நாரே" என்றான். அக்கறை என்று நினைத்தேன். புத்தி கெட்டவள்.

பிப்ரவரி மாதம். காங்வன் மாகாணத்து மலை ஒன்று. முகட்டை எட்டியபோது சாயங்காலம் ஐந்து மணி. பனிமூட்டம். எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. ஊன்றி வந்த இரண்டு கம்புகளையே நட்டுக் கூடாரம் கட்டினான். கூடாரத்துக்கென்று தனிக் கம்பு கொண்டுவந்தால் கனமாம்.

முதல் காப்பி அருமை. நான் அரைத்தேன். அவன் பொடியை லேசாக நனைத்து, அது உப்பி அடங்கும்வரை பொறுத்து, நூல் மாதிரி ஊற்றினான். கூடாரம் முழுக்க மணம்.

வெட்டவெளியில் சாப்பிட்டால் முதல் வாயை மண்ணுக்குக் கொடுப்பது எங்கள் பழக்கம். "கோசுரே" என்று சொல்லி வீசுவோம். பசியோடு நிற்கிறவர்கள் யாரோ, அவர்களுக்கு. நான் கூடாரத்து ஜிப்பைத் திறந்து ஒரு வாய்க் காப்பியை வெளியே ஊற்றினேன். முதுகு ஒடியச் சுமந்த தண்ணீரைக் கொட்டுகிறாயே என்று எரிந்து விழுந்தான் டேசிக்.

அப்போது கேட்டது.

மடக்...

யாரோ விழுங்குகிற சத்தம். வெளியே, வெகு அருகில். காற்று என்றான் அவன். நானும் காற்றுதான் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது காப்பிக்கு அடுத்த பொட்டலத்தைப் பிரித்தான். புஸ்ஸென்றது. பாத்திரத்திலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. ஊற்றினான். பொடி நனையாமல் மேலே மிதந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். ஐஸ் தண்ணீர். ஆவி மட்டும் வந்துகொண்டே இருந்தது...

கடைசிப் பொட்டலத்தையும் பிரித்தான். அதே கதை.

நான் துடைத்து வைத்திருந்த கோப்பையைப் பார்த்தேன். விளிம்பில் காய்ந்த காப்பிப் பொடி. உதடு பதிந்த மாதிரி.

வெளியே பனியில் காலடி.

சரக்... சரக்...

துணிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"தண்ணி சுட்டுருச்சா, டேசிக்?"

பெண் குரல். கோபமில்லை. வெகு நேரம் காத்திருந்து அலுத்த குரல்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரலைவிட அவன் முகம்தான் என்னைப் பயமுறுத்தியது. யார் அது என்று அவன் கேட்கவே இல்லை. குனிந்து ஷூவை மாட்டினான்.

"எங்க போற?"

"இரு. வந்துடறேன்."

பையை எடுத்தான். விளக்கை எடுத்தான். வெளியே போய் அந்த இரண்டு கம்புகளையும் உருவினான். கூடாரம் என் தலைமேல் விழுந்தது. ஓடிவிட்டான், பாவி.

இருட்டு. குளிரில் போன் செத்துவிட்டது. பிரிக்காத போர்வையும் அவனோடு போயிற்று. என் பையைத் துழாவினேன். காப்பிக் கொட்டை. மிஷின். காகிதம். அவ்வளவுதான்.

விரல்கள் மரத்தன.

தூக்கம் வந்தது. அந்தக் குளிரில் தூங்கினால் எழுந்திருக்க முடியாது. தெரிந்தும் வந்தது...

பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள்.

துணி அழுந்தியது.

என் கையில் எதையோ...

கோப்பை.

சுட்டது.

குடித்தேன். அப்படியொரு கசப்பு. நாக்கில் பொடி நறநறத்தது. குடிக்கக் குடிக்கக் குறையவில்லை, ஆறவுமில்லை. வயிற்றெரிச்சலில் அழுதுகொண்டே குடித்தேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்க மட்டும் துணியவில்லை.

விடிந்தபோது யாருமில்லை. கோப்பைக்குள் சொட்டு ஈரமில்லை.

தட்டுத்தடுமாறி இறங்கினேன். மலை அடிவாரத்தில் ஒரு தங்கும் விடுதி. அதை நடத்துகிற அம்மா வாசலில் உட்கார்ந்து, பனியில் நடக்கிற முள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். பிடித்தவள் திகைத்தாள்.

"கை இப்படிச் சுடுதே. மேல சுடுதண்ணி ஏதும்மா?"

சொன்னேன். அவள் என்னைப் படியில் உட்கார வைத்துச் சொன்னாள்.

போன வருஷம் இதே மாதம், அதே முகட்டில் ஒரு பெண்ணின் பிணத்தை எடுத்தார்களாம். உட்கார்ந்தபடி விறைத்திருந்தாளாம், இரண்டு கையாலும் வெறும் கோப்பையை ஏந்திக்கொண்டு. பையில் காப்பிச் சாமான் தவிர எதுவுமில்லை. வாய் நிறையக் காய்ந்த காப்பிப் பொடி. கூட வந்தவன் முதல் நாளே இறங்கி வந்து இதே விடுதியில் தங்கிவிட்டுப் போயிருக்கிறான். மேலே யாரும் இல்லை என்று சொன்னதால் யாரும் தேடிப் போகவில்லை. அவள் பாதி வழியிலேயே திரும்பிப் போய்விட்டாள் என்று பிறகு சாதித்தானாம். கேஸ் நிற்கவில்லை.

"அவன் முகம் ஞாபகம் இருக்கா?"

அந்த அம்மா முள் செருப்பைக் கழற்றிப் படியில் வைத்தாள்.

"நேத்து ராத்திரி திரும்ப வந்தாம்மா. பாத்ததுமே அவன்தான்னு தெரிஞ்சுருச்சு. மேல யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டேன். தனியாத்தான் வந்தேன்னான். மீட்புக்காரங்களக் கூப்புட்டேன், பனிமூட்டம் விலகட்டும்னாங்க. அதான் விடிஞ்சதும் நானே கெளம்பினேன்."

"இப்ப எங்க இருக்கான்?"

அவள் மேலே கையைக் காட்டினாள்.

"சூடா ஒரு காப்பி கேட்டு வாங்கிக் குடிச்சுட்டுப் படுத்தான். மாடியில இன்னும் தூங்கறான்."